சென்னை முதல் கன்னியாகுமரி வரை: எந்தக் கடலில் இறங்கலாம், எதைக் கரையில் நின்று பார்த்தால் போதும்

கேட்டிருப்பது இது: சென்னையிலிருந்து காரில் கிளம்பி, கடலை ஒட்டியே கன்னியாகுமரி வரை போக ஒரு வாரம் இருக்கிறது. பிள்ளைகள் குளிக்க வேண்டும், பெரியவர்கள் ஊர் பார்க்க வேண்டும், குளம் போல அலையடங்கிய கடல் எங்காவது கிடைக்குமா, எந்த மாதம் போகலாம்?

மாதத்திலிருந்து தொடங்குவதுதான் சரி. வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரிந்தாலும் இந்தக் கரையில் இருப்பது நான்கு வேறு கடல்கள். சென்னையிலிருந்து கோடியக்கரை வரை திறந்த வங்கக் கடல். கோடியக்கரையில் கரை மேற்காகத் திரும்பியதும் பாக் நீரிணை. ஆழம் குறைந்த, சேறும் கடல்புல்லும் நிறைந்த நீர். பாம்பனைத் தாண்டினால் மன்னார் வளைகுடா, பவளப் பார்களும் தீவுகளும் உள்ள கடல். கன்னியாகுமரியைச் சுற்றி மேற்கே திரும்பினால் அரபிக் கடலின் பெரிய அலை. வாடைக் காற்று அடிக்கும் ஐப்பசி முதல் தை வரை வங்கக் கடலும் பாக் நீரிணையும் கலங்கிக் கிடக்கும், மன்னார் வளைகுடா அடங்கியிருக்கும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது நிலைமை தலைகீழ்: மன்னார் வளைகுடாவும் குமரியின் மேற்குக் கரையும் கொந்தளிக்க, பாக் நீரிணை ஏரி போலக் கிடக்கும். ராமேசுவரம் தீவில் வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள்.

ஆகவே நான்கும் ஒன்றாக நன்றாயிருக்கும் மாதம் என்று பெரிதாக எதுவும் இல்லை. கிட்டத்தட்டப் பொருந்துவது வாடை ஓய்ந்து கச்சான் தொடங்குமுன் வரும் இடைவெளி, அதாவது பிப்ரவரி பிற்பாதியும் மார்ச்சும். பிள்ளைகளுக்கு அது பரீட்சைக் காலம் என்பதுதான் சங்கடம். மே விடுமுறை என்றால் குளிப்பதற்குப் பாக் நீரிணையை வைத்துக்கொள்ளுங்கள், கன்னியாகுமரியைப் பார்க்க மட்டும் போங்கள். டிசம்பர் விடுமுறை என்றால் வடக்கே கோயிலும் கோட்டையுமாகக் கடந்துவிட்டு, தூத்துக்குடிக்குத் தெற்கே நாள்களைச் செலவிடுங்கள்.

இனி கடலில் இறங்குவது பற்றி. சென்னை முதல் நாகப்பட்டினம் வரை பெரும்பாலான இடங்களில் கரை செங்குத்தாக இறங்குகிறது. முழங்கால் நீரிலிருந்து நாலு எட்டு வைத்தால் கழுத்தளவு வந்துவிடும். அலை தூரத்தில் உடைந்து தணிந்து வராமல் கரையடியிலேயே உடையும். உடைந்த நீர் திரும்பிப் போக வழி தேடி ஓரிடத்தில் சேர்ந்து ஓடும்போது அதுதான் ஆளை இழுக்கிறது. அடையாளம் கண்டுகொள்ளலாம்: இரு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல் அமைதியாக, மணல் கலந்து கலங்கலாகத் தெரியும். நுரை கரைக்கு வராமல் அந்தப் பட்டை வழியே வெளியே போகும். விவரம் தெரியாதவர் ‘இங்கே அலை இல்லை’ என்று சரியாக அந்த இடத்தில்தான் இறங்குவார். சிக்கிவிட்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது; நன்றாக நீந்துபவரும் அதில் களைத்துத்தான் போகிறார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து அலையோடு திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாதவர் மல்லாந்து மிதந்து கையை உயர்த்த வேண்டும். ஓட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே கொண்டுபோகிறது.

இந்த இழுப்பு நிரந்தரமாக இருக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று முகத்துவாரம், ஆறோ கழியோ கடலில் விழும் இடம். பூம்புகாரில் காவிரி வாய், புதுச்சேரிக்குத் தெற்கே சுண்ணாம்பாற்றின் வாய், தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு சேருமிடம் எல்லாமே இந்தக் கணக்கு. இன்னொன்று தூண்டில் வளைவு. அலையைத் தடுக்கப் போட்ட கல் அணைதானே, அதன் அருகில் பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் கரையோரமாக ஓடிவரும் நீர் கல்லில் மோதி அதை ஒட்டியே கடலுக்குள் திரும்புகிறது. கல்லில் கொட்டலசு என்னும் கூரிய ஓட்டுயிரி ஒட்டியிருக்கும்; அலை தூக்கி அடித்தால் தோல் கிழியும்.

கல் அணை எங்கே இருக்கிறது என்பதை வைத்து மணல் எங்கே இருக்கும் என்றும் ஊகிக்கலாம். ஆண்டு முழுதையும் கூட்டிப் பார்த்தால் இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்துக்கோ முகத்துவாரத்துக்கோ கல் நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். மெரினா அவ்வளவு அகலமாக இருப்பது சென்னைத் துறைமுகத்தின் தெற்கு அணையால். ராயபுரம் பக்கம் கரை தின்னப்பட்டதும் அதே அணையால். புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் துறைமுகக் கல் போட்டபின் நகரின் முன்னிருந்த மணல் போய்க் கருங்கல் மட்டும் மிஞ்சியது. அண்மை ஆண்டுகளில் செயற்கைத் திட்டு அமைத்து ஒரு பகுதியில் மணலை மீட்டார்கள். ஓர் ஊருக்குப் போய் ‘கடற்கரை எங்கே?’ என்று தேடும் நிலை வந்தால், கல்லுக்குத் தெற்குப் பக்கம் போய்ப் பாருங்கள்.

வடக்கிலிருந்து வருவோம். கோவளம் கரையின் ஒரு பகுதி 2021-இல், தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்று பெற்றது. குளிக்கும் எல்லை குறித்து, உயிர்காப்பாளர் நிறுத்தி, குளியலறையும் உடைமாற்ற இடமும் உள்ள கரை. வங்கக் கடலில் பிள்ளைகளை நனைக்க வேண்டுமானால் இங்கேயே முடித்துக்கொள்ளலாம். அதே ஆண்டு அதே சான்று பெற்ற இன்னொரு கரை புதுச்சேரியை அடுத்த சின்ன வீராம்பட்டினத்தில் உள்ள ஈடன் கடற்கரை. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலின் பக்கம் நீரில் இறங்க வேண்டாம், கல்லும் இழுப்பும் சேர்ந்த இடம். அதைவிட நான்கைந்து கிலோமீட்டர் வடக்கே சாளுவன்குப்பத்தில் புலிக்குகையைப் பாருங்கள். அதன் அருகிலேயே, 2004 ஆழிப்பேரலை மணலை வாரிக்கொண்டு போனபின் தலைகாட்டிய கல்வெட்டைத் தொடர்ந்து 2005-இல் தோண்டி எடுத்த பழைய முருகன் கோயில் இருக்கிறது. கூட்டமே இருக்காது.

தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டையும் அவர்கள் கல்லறைகளும் இருக்கின்றன, அரை மணி நேரம் போதும். அதற்கும் தெற்கே கடப்பாக்கத்தில் பிரியும் ஆலம்பரைக் கோட்டைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். முகலாயர் ஆட்சிக் காலத்துக் கோட்டை, 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. செங்கல் சுவரின் கீழே கழி. அதற்கப்பால் ஒரு மணல் திட்டு. அதன் மறுபுறம் கடல். கழியின் நீர் அசைவில்லாமல் இருக்கும், மீனவர் படகில் மறுகரைக்குக் கொண்டுவிடுவார்கள். ஏறுமுன் உயிர்காப்பு மேலங்கி கேளுங்கள், திரும்பும் நேரத்தையும் பேசிவிடுங்கள். நிழலும் கடையும் இல்லை. தண்ணீர் கையில் இருக்க வேண்டும்.

பிச்சாவரத்தில் காலை எட்டு, ஒன்பது மணிக்குள் படகேறினால் சுரபுன்னைக் காட்டுக்குள் வெயில் தெரியாது, பறவையும் தெரியும். நண்பகலில் போய்விட்டு ‘ஒன்றுமில்லை’ என்பவர்கள்தான் அதிகம்.

இந்தப் பகுதியில் ஓர் இரவு தங்க ஒரே ஊரைச் சொல்ல வேண்டுமானால் தரங்கம்பாடி. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்க் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது இங்கேதான். 1845-இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். நகர வாயில், ராஜ வீதி, 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், எல்லாம் நடந்தே பார்க்கும் தூரம். கோட்டைக்கு வடக்கே 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாண்டியர் எடுத்த மாசிலாமணி நாதர் கோயில். முன்பகுதியைக் கடல் தின்று, மிஞ்சியதைக் கல் கொட்டிக் காத்திருக்கிறார்கள். அந்தக் கற்கள்மேல் ஏறிப் படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. பாசி படிந்த கல் காலை விடும், இடுக்கில் சிக்கினால் கணுக்கால் போகும். விடியலில் கோட்டையின் முன்னே மணலில் நின்றால் போதும்.

வேளாங்கண்ணி ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. அப்போது அந்தச் சாலையையே தவிர்க்கலாம். கூட்டம் கூடும் இடத்தில் கடலில் இறங்கி மூழ்குபவரும் கூடுகிறார்கள். அங்கே அலை சாதுவாகத் தோன்றும், அடித்தரையில் குழியும் மேடும் மாறிமாறி வரும். வேதாரண்யம் ராஜாஜியின் 1930 உப்பு அறப்போர் நடந்த ஊர். இன்றும் சாலையின் இருபுறமும் உப்பளம். கோடியக்கரையில் கடலைவிடக் காடுதான் விசேஷம்: வெளிமான், மட்டக்குதிரை, நவம்பர் முதல் பிப்ரவரி வரை பூநாரைக் கூட்டம். இந்தக் கரையில் கால் வைத்தால் சேற்றில் புதையும், குளிக்க நினைக்காதீர்கள்.

இங்கிருந்து தொண்டி வரை பெரும்பாலானோர் காரை நிறுத்தாமல் ஓட்டிப் போய்விடுகிறார்கள். சரபேந்திரராசன்பட்டினத்தில் மனோராவிலாவது நிறுத்துங்கள். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி கட்டிய அடுக்குக் கோபுரம், எட்டு நிலை. தஞ்சாவூர்க் கடற்கரையில் நெப்போலியனுக்கு என்ன வேலை என்று பிள்ளைகள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. முன்னே விரிந்திருக்கும் கடல் ஆவுளியாவின் மேய்ச்சல் நிலம். கடற்பசு என்றும் சொல்லும் இந்த விலங்குக்காக 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது தமிழ்நாடு அரசு. கரையில் நின்று அதைப் பார்த்துவிடலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே காரங்காடு. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா. சுரபுன்னைக் காட்டின் வழியே படகு, துடுப்புப் படகு. நீர் மட்டம் ஏறியிருக்கும்போதுதான் உள்ளே போகலாம் என்பதால் முன்கூட்டியே பேசி நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். தேவிபட்டினத்து நவபாஷாணத்தைக் கடற்குளம் என்று நினைத்து வருபவர்கள் உண்டு. ஒன்பது கற்கள் கடலுக்குள் நிற்க, சுற்றி நடைமேடை, இடுப்பளவுக்கு உட்பட்ட நீர். இது பரிகாரத் தலம். அடியில் சேறு, விட்ட துணி, உடைந்த மண்கலம் கிடக்கும். வழிபட வருபவர் முங்கி எழட்டும், பிள்ளைகளை விளையாட விடும் இடம் இல்லை.

உண்மையிலேயே குளம் போன்ற கடல் வேண்டுமானால் உச்சிப்புளி அருகே அரியமான். சவுக்குத் தோப்பு, சாய்வே தெரியாத மணல், நூறு அடி நடந்தும் இடுப்புக்கு ஏறாத நீர். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அலை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. வாடைக் காலத்தில் இதே கரை கலங்கி, தாழை என்று மீனவர் சொல்லும் கடல்புல் குவியல் குவியலாக ஒதுங்கி நாறும். டிசம்பரில் போய்விட்டுக் குறை சொல்வதில் பயனில்லை. ஆழமில்லாத மணலில் திருக்கை புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால் அது விலகிப் போய்விடும். முள் குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான நீரில் காலை வைத்திருப்பது வலியைக் குறைக்கும், பிறகு மருத்துவமனை. முள்ளின் துணுக்கு உள்ளே தங்கிவிடலாம்.

ராமேசுவரம் தீவுக்குள் வடகரையில் ஓலைக்குடா, சங்குமால் பக்கம் பவளப் பார் கரைக்கு இணையாக ஓடி அலையைத் தடுக்கிறது. பாருக்கும் கரைக்கும் நடுவே ஆழமில்லாத தெளிந்த நீர். பவளத்தை மிதிக்கவோ எடுக்கவோ கூடாது, எடுத்தால் வன உயிரினச் சட்டப்படி குற்றம். கடல் முள்ளெலி உண்டு, ரப்பர் செருப்பு தேவை. அக்னி தீர்த்தம் அமைதியான நீர்தான், ஆனால் கூட்டமும் ஈரத்துணியும். தங்கச்சிமடம் வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள் பாலம் போட்டு நடுவில் கிணறு. அதில் நல்ல நீர் ஊறுகிறது. மணலுக்குள் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிட இலகுவானது என்பதால் அதன் மேல் மிதந்து நிற்கிறது. தனுஷ்கோடியில் கடலுக்குச் சில எட்டுத் தொலைவில் கையால் மணலைத் தோண்டிக் குடிநீர் எடுப்பதும், திருச்செந்தூர் நாழிக்கிணறும் இதே காரணத்தால்தான். ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும், அதனால் அந்த ஊற்றுகள் எல்லாம் ஆழமற்றவை.

தனுஷ்கோடி 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த ஊர். தேவாலயமும் ரயில் நிலையச் சுவரும் நிற்கின்றன. சாலை இப்போது அரிச்சல்முனை வரை போகிறது, மாலையில் எல்லாரையும் வெளியேற்றிவிடுவார்கள், காலையில் போவதே நல்லது. முனையில் இரு கடலின் ஓட்டமும் சந்திப்பதால் மணல் தினம் இடம் மாறுகிறது. நேற்று முழங்கால் இருந்த இடம் இன்று ஆளை விழுங்கும். குளிக்கத் தடை, அதை மீறுபவரும் உண்டு. பாம்பன் குந்துகாலிலிருந்து வனத்துறை படகில் குருசடைத் தீவுக்கு அழைத்துப் போகிறது. 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் ஒரு தீவு அது. மற்ற தீவுகளுக்குத் தனியார் படகில் இறக்கிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள், அனுமதி இல்லாமல் இறங்குவது குற்றம்.

தூத்துக்குடிக்குத் தெற்கே மணப்பாடு. கரையிலிருந்து கடலுக்குள் துருத்திய மணற்குன்று, உச்சியில் திருச்சிலுவை ஆலயம், கீழே புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. குன்றின் ஒரு பக்கம் திறந்த அலை. அலைச்சறுக்குக்கு ஆட்கள் வருவது அங்கே. மறுபக்கம் மணல் திட்டு வளைந்து கழியைப் பிரிக்கிறது. பிள்ளைகள் அளைய அந்தப் பக்கம். செப்டம்பர் 14 திருவிழாவை ஒட்டி இடம் கிடைக்காது. திருச்செந்தூரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்கினால் பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும். அதிசயம் என்று அதன் மேல் நடப்பவர்கள் வழுக்கி விழுகிறார்கள்.

கன்னியாகுமரியில் நீங்கள் கேட்ட கடற்குளத்துக்கு நெருங்கிய ஒன்று இருக்கிறது: அம்மன் கோயிலை அடுத்த முக்கடல் சங்கமத்தில் பாறைகளும் சுவரும் அணைத்த குளியல் இடம். வெளியே அலை மோத, உள்ளே நீர் ஏறி இறங்கும். பாறை இடைவெளிகளில் இழுப்பு உண்டு, படியோரம் நிற்பதே போதும். விவேகானந்தர் பாறைக்குப் படகு காற்று மிஞ்சினாலும் நீர் மட்டம் இறங்கினாலும் நிற்கும், அதை நம்பி அந்த நாளின் மற்ற ஏற்பாடுகளைச் செய்யாதீர்கள். சூரியன் எழுவதும் விழுவதும் இரண்டுமே கடலில் தெரிவது ஏறக்குறைய அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை. மற்ற மாதங்களில் மாலைச் சூரியன் நிலத்தின் பக்கம் இறங்கிவிடும். ஏழு கிலோமீட்டர் தள்ளி வட்டக்கோட்டை, கருமணல் கரை, அமைதி.

மேற்கே முட்டம், குளச்சல், சொத்தவிளை, கணபதிபுரம். அழகில் முட்டத்துக்கு ஈடு இந்தக் கரையில் கிடையாது. பாறை இடுக்குகளில் நீர் தேங்கி நண்டும் சிறுமீனுமாக இருக்கும். ஆனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மற்றவற்றைவிடப் பெரிய அலைகள் இரண்டு மூன்று சேர்ந்து வரும். நிற்கப் போகும் பாறை நனைந்திருக்கிறதா என்று பாருங்கள், நனைந்திருந்தால் அலை அங்கே வந்திருக்கிறது என்று பொருள். பத்து நிமிடம் தள்ளி நின்று கவனித்த பிறகே கிட்டே போக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு: உள்ளூரில் காற்றே இல்லாதபோது, தெற்கே வெகு தொலைவில் எழுந்த புயலின் அலை நாள்கணக்கில் பயணித்துத் திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனது அப்படிப்பட்ட நாள்தான். வானம் தெளிவாக இருக்கிறதே என்பது இங்கே எதற்கும் சான்று இல்லை. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் முன்னெச்சரிக்கை வெளியிடும். கிளம்புமுன் காலையில் பார்த்துவிடுங்கள்.

மீன் வாங்க, சாப்பிட நினைத்தால் இன்னொரு கணக்கு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப் படகு மட்டும் போவதால் வரத்து குறையும், விலை ஏறும். குமரியின் மேற்குக் கரையில் தடை ஜூன், ஜூலை. கத்தோலிக்க மீனவ ஊர்கள் பலவற்றில் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை. ஏலக்கூடத்தில் காலை ஏழு மணிக்குள் இருந்தால்தான் மீனைப் பார்க்கலாம். காயும் வலையைத் தாண்டாமல் சுற்றிப் போங்கள், படகின் மேல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள், படம் எடுக்குமுன் ‘அண்ணாச்சி, எடுக்கலாமா’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதே ஆளிடமே ‘இன்றைக்கு நீவாடு (கடல் நீரோட்டம்) எப்படி, எங்கே இறங்கலாம்’ என்று கேட்டுவிடலாம். அறிவிப்புப் பலகையில் இல்லாத விவரம் அவர் வாயில் வரும்.

வண்டியில் இருக்க வேண்டியவை: நீந்தத் தெரியாதவர்களுக்கு மேலங்கி, பத்து மீட்டர் கயிறு, ரப்பர் செருப்பு, சுடுநீர் நிறைந்த குடுவை. சொறி என்னும் ஜெல்லிமீன் தீண்டினால் கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைக் கையால் தொடாமல் எடுத்து, பிறகு சூடான நீர் வைக்க வேண்டும். நல்ல நீரால் கழுவுவதும் மணலால் தேய்ப்பதும் கொடுக்குகளை மேலும் வெடிக்க வைக்கும். யாராவது இழுத்துச் செல்லப்பட்டால் வெறுங்கையோடு பின்னால் குதிக்காமல், மிதக்கும் எதையாவது எறிந்துவிட்டு அருகிலுள்ள மீனவரைக் கூப்பிடுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108.